ஒரு வெண்பா நேரம்

டிணுக் என்று ஒரு சத்தம். சுண்டுவிரல் நகத்தளவு பித்தளை மூடி ஒன்று கொக்கி நழுவிக் கீழே விழும் சத்தம். கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்றும் சமையலறையில் ஒரு கரண்டி வழுக்கி விழுந்தால் என் வலக்கை தானாக உயர்ந்து, காற்றில் எதையோ தேடிவிட்டு, வெட்கப்பட்டு மடிக்குத் திரும்புகிறது.

டெலிபோன் போர்டு வேலை என்பது ஊரார் பேசுவதற்காக நாம் பேசாமல் இருக்கும் வேலை. டயல் சுற்றும் டெலிபோன் அப்போது எங்கள் பக்கத்துக்கு வரவில்லை. முப்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் ஒரு கிடங்கின் மாடியில் எங்கள் எக்ஸ்சேஞ்ச். சந்தாதாரர் தன் வீட்டுப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால், எங்கள் போர்டில் அவருடைய எண்ணுக்கான மூடி விழும். அந்தத் துளையில் கயிற்றைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்போம். அவர் சொல்லும் எண்ணைத் திருப்பிச் சொல்லுவோம். அந்த எண்ணின் துளையில் இன்னொரு கயிற்றைச் செருகி மணியடிப்போம். யாரும் எடுக்காவிட்டால் "நோ ரிப்ளை." அவ்வளவுதான் எங்கள் மொழி. அதற்கு மேல் ஒரு சொல் கூடினாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்கும். அது மிஸ் டோரின். ஆங்கிலோ இந்திய அம்மாள், எங்கள் சூப்பர்வைசர். ரப்பர் அடிச் செருப்புப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நடப்பாள்.

என்னை ஆறு மாதச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். அப்பா காலமாகிவிட்டார். வண்ணாரப்பேட்டையில் இரண்டு அறை வாடகை வீட்டில் நானும் அம்மாவும். நான் இன்டர்மீடியட் படித்தவள். கல்லூரி எனக்கு நிறையப் பாட்டுகளைக் கற்றுக்கொடுத்து, ஒரு வேலையையும் கொடுக்காமல் வெளியே அனுப்பியிருந்தது. திருச்சியில் இருந்த அண்ணன் சொல்லிவிட்டார்: உத்தியோகம் நிலைத்தால் சென்னையிலேயே இருக்கலாம், நிலைக்காவிட்டால் அம்மாவும் நானும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே எனக்கு என்ன காத்திருந்தது என்று எனக்குத் தெரியும். மூன்று குழந்தைகள், ஒரு அடுப்பு, ஓர் ஓரம்.

மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டு, மணியடித்தால் வீடு திரும்பி, பென்ஷன் வாங்கிய பிறகும் காதுக்குள் மணியடிக்கக் கேட்கும் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிணற்றுக்குள்ளிருந்து

பெண் பிள்ளையின் குரல் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று வளர்ந்தவள் நான். இருபது வயது வரை என் தொண்டை கற்றது ஒன்றே ஒன்று: தணிவது. வகுப்பில் பதில் சொன்னாலே முதல் பெஞ்சுக்கு மட்டும்தான் கேட்கும். அப்படிப்பட்டவளை ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நாலு ஊரும் கேட்கும்படி பேசச் சொன்னால்?

முதல் வாரம் நான் "நம்பர் ப்ளீஸ்" என்றது எனக்கும் பேசுவதற்காக என் மார்பில் தொங்கிய பித்தளைக் கொம்புக்கும் மட்டுமே தெரியும். ஒரு அரிசி மில்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் வெடித்தார். "யாரும்மா அது? கெணத்துல வுழுந்துட்டியா? கயிறு வுடட்டுமா?" நான் கண்ணீரை விழுங்கிக்கொண்டு கத்தினேன். அடுத்த சந்தாதாரர் காது வலிக்கிறது என்று புகார் சொன்னார்.

பக்கத்து நாற்காலி பிலோமினாவுடையது. பனைமரத்தொட்டிக் குப்பத்துப் பெண், எனக்கு ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவள். அவள் அம்மா மீன் கூடையோடு தெருத்தெருவாகப் போகிறவள். பிலோமினா போர்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "கத்தாதக்கா. கூவு. எங்கம்மா ஒரு நாளும் கத்தினது இல்ல, ஆனா மூணாவது தெருவுல பூனை எழுந்துக்கும்."

ஏலம்

கூவுவது எப்படி? அதை யாரும் சொல்லித் தருவதில்லை. மார்பிலிருந்து எழுந்து, அவசரப்படாமல், எதிரே ஒருவர் நிற்கிறார் என்று நம்பிப் புறப்பட வேண்டும் என்று நானாகக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததைப் பழக்கமாக்க இடம் வேண்டுமே. வீட்டில் அம்மா தூங்குவாள். எக்ஸ்சேஞ்சில் மிஸ் டோரின். மிஞ்சியது வழி.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ராயபுரத்துக்குத் தினமும் நடந்தேதான் போவேன். போகிற வழியில் வீட்டுக் கதவுகளில் அடித்திருக்கும் எண்களை ஒவ்வொன்றாகக் கூவிக்கொண்டே நடந்தேன். முதலில் உதட்டளவில். பிறகு பல்லளவில். இரண்டு வாரத்தில் எதிர்ச் சுவர் திருப்பிச் சொல்லும் அளவில். பழக்கம் என்பது வெட்கம் தேய்ந்து போன இடத்தில் முளைப்பது. என் வெட்கம் தேய நிறையத் தெரு வேண்டியிருந்தது.

ஒரு காலை, குதிரைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் கை வேலையை நிறுத்திவிட்டு, நான் வரிசையாக எண்களைக் கூவிக்கொண்டு வருவதைப் பார்த்தார். மரியாதையாகத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "ஏம்மா, தெருவையே ஏலம் வுட்டுட்டாங்களா? எங்க வூடு எவ்ளோக்குப் போச்சி?"

அன்று போர்டில் அரிசி மில்காரர் என் குரலைக் கேட்டதும் "கெணத்துல இருந்து ஏறி வந்துட்டியாம்மா" என்றார்.

மூன்றாவது கனைப்பு

தண்டையார்பேட்டையில் ஒரு தோல் கிடங்கு. அங்கே கணக்குப்பிள்ளையாக இருந்தவர் வடமலைப் பிள்ளை. அவருடைய முதலாளி உட்காருவது தனி ஆபீசில், தனி டெலிபோனில். பிள்ளை தினமும் காலையில் முதலாளியைக் கூப்பிட்டுக் கிடங்கு நிலவரம் சொல்ல வேண்டும். முதலாளி என்றால் அவருக்குக் கம்பி வழியாகவும் பயம். எண்ணைச் சொல்லிவிட்டு ஒரு கனைப்பு. சட்டைப் பொத்தானைப் போடும் அமைதி. இன்னொரு கனைப்பு. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளும் ஓசை. மூன்றாவது கனைப்பு.

மற்றப் பெண்கள் எண்ணைச் சொன்ன உடனே இணைத்துவிடுவார்கள். அதுதான் சட்டம். நான் மட்டும் மூன்றாவது கனைப்புக்குப் பிறகு இணைத்தேன். எப்போது அப்படிச் செய்யத் தொடங்கினேன் என்று தெரியாது. ஒரு தாளத்தில் மூன்றாவது தட்டு விழுமுன் பாடத் தொடங்க என் காது விடவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அன்று வேறொரு பெண் இருந்தாள். மறுநாள் பிள்ளை எண்ணைச் சொல்லாமல் முதலில் என் குரலை உறுதி செய்துகொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் வேண்டிக்கொண்டார். "இனிமே லீவு போடாதீங்கம்மா. மூணாவது கனைப்புக்கு அப்புறம்தான் நான் மனுஷன்."

சாப்ட்டியா?

டோல்கேட் பக்கத்தில் மரவாடி வைத்திருந்தவர் காதர் பாய். பர்மாத் தேக்கு, மலபார்ப் பலகை எல்லாம் அடுக்கி வைத்திருப்பார். பகல் தொழுகை முடிந்த கையோடு கைப்பிடியைச் சுற்றுவார். மூடி விழும். "நம்பர் ப்ளீஸ்" என்பேன். அவர் எண் சொல்ல மாட்டார். "இன்னா தங்கச்சி, சாப்ட்டியா?" என்பார்.

பதில் சொல்லக் கூடாது. பின்னால் ரப்பர் செருப்பு நிற்கிறது. மறுபடி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். அப்படியே ஒரு மாதம் போயிற்று. அதற்குள் ஒரு விசித்திரம் நடந்தது. நான் சாப்பிட்டிருந்தால் அந்த இரண்டு சொல்லும் ஒரு மாதிரி இறங்கிப் படுக்கும் போலிருக்கிறது. பசியோடு இருந்தால் கடைசியில் சற்றே தூக்கி நிற்கும் போலிருக்கிறது. எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்தது. "நம்பர் ப்ளீஸ்." "அட, இன்னும் துன்னலியா? மணி என்னா ஆவுது! சரி, அம்பத்தி ரெண்டு குடு." இன்னொரு நாள்: "நம்பர் ப்ளீஸ்." "இன்னிக்கி மொகம் வாடிக் கீது. வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு சொகமில்லியா?" அன்று அம்மாவுக்கு மூச்சிரைப்பு. அவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சிரித்துச் சிரித்து இருமினார். "ரெண்டே ரெண்டு வார்த்தைய வெச்சிகினு எவ்ளோ பேசுற நீ! எங்க வூட்டம்மா நாள் பூரா பேசுது, ஒண்ணும் வெளங்கல."

திருப்பிச் சொல்வது

போர்டில் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் மெல்ல வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அம்மா "மரகதம், தண்ணி" என்றால் "தண்ணி" என்பேன். "கறிவேப்பிலை வாங்கிண்டு வா" என்றால், "கறிவேப்பிலை." அம்மா முதலில் சிரித்தாள். பிறகு கவலைப்பட்டாள். எதிர் வீட்டு அம்மாளிடம் இதற்கு மருந்து உண்டா என்று விசாரித்தாள்.

நாலாவது மாதம் அண்ணன் திடீரென்று வந்து நின்றார். ஆறு மாதம் வரை காத்திருப்பது வீண் என்று அண்ணி சொல்லியிருக்க வேண்டும். கையோடு எங்களை அழைத்துப் போக வந்திருந்தார். காபியைக் குடித்துவிட்டு ஏற்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் பதில் பேசத் தைரியம் கிடையாது. அண்ணன் எதிரே வாய் திறந்து பழக்கமில்லை. ஆனால் என் வாய் வேறொரு பழக்கத்துக்கு ஆளாகியிருந்ததை நான் மறந்துவிட்டேன்.

"காலையில எழுந்து குழந்தைகளைக் குளிப்பாட்டி அனுப்பணும்" என்றார். "காலையில எழுந்து குழந்தைகளைக் குளிப்பாட்டி அனுப்பணும்" என்றேன், கூவும் குரலில், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்புறம் சமையல். உங்க அண்ணிக்கு அடுப்புக்கிட்ட நிக்க முடியல." "அப்புறம் சமையல். அண்ணிக்கு அடுப்புக்கிட்ட நிக்க முடியல." "படுக்க இடம்... ஸ்டோர் ரூமை ஒழிச்சுக் குடுக்கறோம்." "ஸ்டோர் ரூமை ஒழிச்சுக் குடுக்கறோம்." அம்மா கதவோரம் நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணன் கெட்டவர் இல்லை. தன் சொற்களை அதுவரை வெளியிலிருந்து கேட்டதில்லை, அவ்வளவுதான். காலித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "ஆறு மாசம் முடியட்டும். நிலைக்கலேன்னா அப்புறம் பேச்சே இல்லை, கிளம்பி வந்துடணும்" என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போலக் கேட்டார்: "ஏம்மா, நான் சொல்றப்ப சரியாத்தான் இருக்கு. அதையே நீ சொன்னா ஏன் இவ்வளவு கேவலமா இருக்கு?"

ஈற்றடி

திருவொற்றியூரில் ஒரு டாக்டர். அவருடைய டெலிபோன் முன்னறையில். அதை எடுக்க வேண்டியவர் கம்பவுண்டர் நாயுடு. அவர் மருந்து கலக்குவது பின்கட்டில். சிறுவயதில் வாதம் கண்டு ஒரு கால் சூம்பியவர். ஊன்றுகோலை எடுத்து, முற்றத்தைச் சுற்றி, படியேறி வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை, மணியடித்து அலுத்து நான் கயிற்றைப் பிடுங்கும் அந்தக் கணத்தில் மறுமுனையில் டெலிபோன் எடுக்கப்பட்டு, மிகத் தொலைவில், "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று மூச்சு வாங்கும் குரல் கேட்டது. கை முந்திவிட்டது. அந்தக் குரல் அறுந்து போனதை அன்று முழுவதும் என்னால் மறக்க முடியவில்லை.

அதிலிருந்து அந்த எண்ணுக்கு மணியடிக்கும்போது மனதுக்குள் ஒரு வெண்பாவைச் சொல்லத் தொடங்கினேன். கல்லூரியில் மனப்பாடம் செய்ததற்கு ஒரு பயன் வேண்டாமா? அவசரமில்லாமல் நாலடி. ஈற்றடி முச்சீராகக் குறுகி நிற்கும் இடத்தில் நாயுடுவின் கை டெலிபோனைத் தொடும். ஒரு நாளும் பிசகியதில்லை.

எந்த எண்ணுக்கும் மூன்று முறைக்கு மேல் மணியடிக்கக் கூடாது என்பது மிஸ் டோரினின் சட்டம். நான் அதை மீறுவதை அவள் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஐந்தாம் மாதம் ஒரு நாள் என் காதோடு குனிந்தாள். லாவெண்டர் வாசனை. "ஏய் கேர்ள், இன்னா வாய்க்குள்ள முணுமுணுத்துகினு கீறே? ப்ரேயரா? ப்ரேயர் எல்லாம் சண்டே. இங்க நம்பர் மட்டும்."

பின்னறை

ஆறாம் மாதம். கடைசி வாரம். மிஸ் டோரின் என்னை அழைத்து, ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். நான் ஒழுங்கு, நேரம் தவறுவதில்லை, குரல் முதல் தரம். ஆனால் மெதுவு. எல்லாப் பெண்களிலும் நான்தான் மெதுவு. மெதுவானவளுக்கு நிரந்தரம் கிடையாது. கிளாடிஸ் என்று ஒரு புதுப் பெண் வந்திருந்தாள், கை மின்னல். என் நாற்காலியில் அவளை உட்கார வைத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். அதுவரை நான் பின்னறையில் உட்கார்ந்து செருகு முனைகளைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும். "வெளிய வந்தே, ஆறு மாசம் இன்னிக்கே முடிஞ்சிது" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

பின்னறைக்கும் போர்டுக்கும் நடுவே பாதிக் கதவு. கிளாடிஸின் குரல் தெளிவாகக் கேட்டது. நல்ல குரல். நான் முனைகளைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கத் திருச்சியின் ஸ்டோர் ரூம் கண்முன் வந்தது. ஜன்னல் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் கிளாடிஸ் ஒரு எண்ணைத் திருப்பிச் சொல்வது கேட்டது. டாக்டரின் எண். மணி மூன்று முறை. "நோ ரிப்ளை." சற்று நேரத்தில் மறுபடி அதே எண். மறுபடி மூன்று. "நோ ரிப்ளை." பிறகு அவள் மிஸ் டோரினிடம் திரும்பிச் சொன்னாள்: "எண்ணூர் உப்பு ஆபீஸ், மிஸ். மேஸ்திரி வொய்ஃபுக்குப் பிரசவ வலியாம். குழந்தையோட கை முன்னாடி வந்துடுச்சாம். டாக்டர் எடுக்க மாட்டேங்கறார். நான் என்ன பண்ண?"

முற்றத்தைச் சுற்றிவரும் ஊன்றுகோலின் ஓசை எனக்கு மட்டும் கேட்டது. படி ஏறும் முன்னே மணி நின்றுவிடுகிறது. அவர் நின்று, திரும்பிப் பின்கட்டுக்குப் போகிறார். மறுபடி மணி. மறுபடி பாதி வழி.

நான் எழுந்தேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதத்தில் பழகிய கை கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்தன. பாதிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், கிளாடிஸின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, டாக்டரின் துளையில் மறுபடி கயிற்றைச் செருகி, மணியை அழுத்தினேன். மிஸ் டோரின் "கேர்ள்!" என்றாள். நான் வெண்பாவைச் சொல்லத் தொடங்கினேன். இந்த முறை மனதுக்குள் அல்ல. வாய்விட்டு. கூவும் குரலில்.

முதலடி. மூன்று முறை மணி அடித்து முடிந்தது. இரண்டாமடி. கிளாடிஸ் கயிற்றைப் பிடுங்கக் கையை நீட்டினாள். பிலோமினா தன் கயிற்றைப் போட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாமடி. அறையில் இருந்த எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் "நம்பர் ப்ளீஸ்" சொல்லவில்லை. ஈற்றடி. ஒரு சீர். இரண்டாம் சீர். மூன்றாம் சீரின் கடைசி அசை என் உதட்டை விடும்போது கம்பியில் ஒரு கரகரப்பு. ஊன்றுகோல் சுவரில் சாயும் ஓசை. "வந்துட்டேம்மா, வந்துட்டேன்."

இணைத்தேன். டாக்டரின் மோட்டார் எண்ணூருக்குப் போயிற்று. மிஸ் டோரின் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பின்னாடி போ" என்றாள். போனேன். அன்று பளபளத்தது போல அந்த முனைகள் என்றும் பளபளத்ததில்லை.

மறுநாள் காலை உப்பு ஆபீஸ் குமாஸ்தா கூப்பிட்டார். கிளாடிஸ் "நம்பர் ப்ளீஸ்" என்றதும் அவர் சொன்னதை அவள் அப்படியே திருப்பிச் சொல்ல, பின்னறை வரை கேட்டது. "நம்பர் வேணாம்மா. பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம். அந்த விடாம மணியடிச்ச அம்மா யாருன்னு மேஸ்திரி கேக்கச் சொன்னார்."

நம்பர் கொடுக்காதவர்கள்

அன்றுதான் என் சோதனையின் கடைசி நாள். உப்பு ஆபீசின் நன்றியால் மிஸ் டோரின் கரைந்துவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பிரசவத்துக்காக ஒரு சட்டத்தை மாற்றும் பெண்மணி அல்ல அவள். கிளாடிஸ் என் நாற்காலியிலேயே இருந்தாள். நான் துணியும் பாலிஷும்.

ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. காலையில் தோல் கிடங்கு முதலாளியே மிஸ் டோரினைக் கூப்பிட்டார். அவர் குரல் அறையின் இந்தப் பக்கம் வரை கொட்டியது. "எங்க கணக்குப்பிள்ளைக்கு நெஞ்சில ஏதாச்சும் கோளாறா? நேத்தும் இன்னிக்கும் என் காதுலயே கனைக்கிறார். செருப்பை வேற எங்கயோ தள்றார். இத்தனை மாசமா ஒரு தும்மல் கேட்டதில்லை. உங்க கம்பியில என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

அரிசி மில்காரர் நான் எங்கே என்று கேட்டார். ஐஸ் டிப்போவிலிருந்து கேட்டார்கள். எண்ணைத் தேட மூக்குக் கண்ணாடியைத் தேடும் பழக்கமுள்ள ஒரு வக்கீல் தன் கண்ணாடி கிடைப்பதற்குள் மூன்று முறை துண்டிக்கப்பட்டதாகச் சொன்னார். நான் அவர்களுக்காகக் காத்திருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் என் காத்திருப்பின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள் என்பது, நான் விலகியதும் அவர்கள் தள்ளாடியபோதுதான் தெரிந்தது.

பகல் தொழுகை முடிந்திருக்க வேண்டும். மரவாடியின் மூடி விழுந்தது. கிளாடிஸ் "நம்பர் ப்ளீஸ்" என்றாள். பிறகு இன்னொரு தரம். இன்னொரு தரம். பிறகு தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றி மிஸ் டோரினிடம் நீட்டினாள். "நம்பர் குடுக்க மாட்டேங்கறார், மிஸ். கம்பியையும் விட மாட்டேங்கறார்." மிஸ் டோரின் காதில் வைத்தாள். என் வாழ்க்கையில் முதல் முறையாக அவள் "நம்பர் ப்ளீஸ்" என்று கெஞ்சுவதைக் கேட்டேன். காதர் பாய் பேசியதை அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள், அவர் குரலிலேயே: "எங்க தங்கச்சிய எங்க வெச்சிகீறீங்க? அது துன்னுச்சா இல்லியான்னு தெரியாம நான் நம்பர் தர மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் ஆனாலும் கைப்பிடிய வுட மாட்டேன். என் கம்பி, என் காசு."

மிஸ் டோரின் தலைக்கருவியைக் கழற்றினாள். பின்னறையின் பாதிக் கதவைத் திறந்து நின்றாள். அவள் முகத்தில் தோல்வி இல்லை. ஒரு கணக்கு சரியாக வராதபோது நல்ல கணக்காளர் முகத்தில் தெரியும் எரிச்சல் மட்டும். என் கையிலிருந்த துணியைப் பிடுங்கி மேசை மேல் எறிந்தாள். "எழுந்திரு. போய் உக்காரு. இவங்க அத்தினி பேரையும் நீ கெடுத்து வெச்சிகீறே. இனிமே சாகற வரைக்கும் நீதான் மேய்க்கணும்."

உட்கார்ந்தேன். நாற்காலி கிளாடிஸின் சூட்டோடு இருந்தது. அவளுக்கு அடுத்த மாதமே, வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் இடம் கிடைத்தது. மின்னல் கைக்கு அதுதான் பொருத்தம். கயிற்றைச் செருகினேன். "நம்பர் ப்ளீஸ்" என்றேன். மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "காலையிலேருந்து ஒண்ணும் துன்னல நீ" என்றார் காதர் பாய். "முதல்ல போய் துன்னுட்டு வா. நான் இருக்கேன்."

சாயங்காலம் மிஸ் டோரின் நிரந்தர உத்தரவைக் கொடுக்கும்போது ஒரு சட்டத்தையும் கூடவே கொடுத்தாள்: டாக்டரின் எண்ணுக்கு மட்டும், எந்தப் பெண்ணாக இருந்தாலும், "அந்த ப்ரேயர் முடியும் வரை" மணியடிக்கலாம். வெண்பா தெரியாத ஆங்கிலோ இந்தியப் பெண்கள் தங்கள் ஜெபத்தைச் சொன்னார்கள். நாயுடு அதற்கும் வந்து சேர்ந்தார்.

நாம் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறோம்; கொஞ்ச காலத்தில் யாரோ அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், பிறகு அது நம்முடையது அல்ல. அன்று இரவு அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். "நிரந்தரமாயிடுத்தும்மா." அம்மா நான் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். இன்னும் இரண்டு தரம் சொன்னாள். பிறகு மூச்சிரைக்க எழுந்து போய், திருச்சிக்கென்று கட்டி வைத்திருந்த பாத்திர மூட்டையை அவிழ்த்து அடுக்க ஆரம்பித்தாள்.

அண்ணனின் மூன்று குழந்தைகளையும் அண்ணனும் அண்ணியுமே வளர்த்தார்கள். மூவரும் நன்றாகவே வளர்ந்தார்கள்.